ஆடித் தள்ளுபடியில் ஒரு ஸ்டூல்

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி முப்பத்தொரு நாளைக்கு எங்கள் ‘அள்ளிக்கோ’ அங்காடியில் யாருக்கும் லீவு கிடையாது. ஆடியில் புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து வைக்கும் சிரமத்தை எங்கள் ஊரில் கம்பெனியே ஏற்றுக்கொள்கிறது. காலை ஒன்பதுக்கு உள்ளே போனால் ராத்திரி பத்துக்குத்தான் வெளியே. கல்யாணமாகி இருபது வருஷம் ஆன என்னையும் சேர்த்துப் பிரித்து வைத்துவிட்டார்கள்.

இந்த டைரி பொங்கலுக்குக் கம்பெனி கொடுத்தது. ஆறு வருஷம் சூப்பர்வைசராக இருந்ததற்குப் பரிசு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘அள்ளிக்கோ, மகிழ்ந்துக்கோ’ என்று அச்சடித்திருக்கிறது. மகிழ நேரமில்லாததால் ஆறு மாதமாகக் காலியாகக் கிடந்தது.

கடையிலேயே ஊழியர் சலுகையில் வாங்கிய செருப்பு சுருங்குகிறது. காலையில் சரியாக இருக்கிறது, சாயங்காலம் கால் நுழைய மாட்டேன் என்கிறது. மலிவுப் பிளாஸ்டிக், சூட்டில் சுருங்கும் போல.

ஜூலை 18, வெள்ளி

ஒரு பெரியவர் தலையணையைத் திருப்பிக் கொண்டுவந்து, கழுத்து வலிக்கிறது என்றார். எங்கள் கடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறது: முப்பது நாள் உத்தரவாதம், குறை சொன்னால் ஊழியர் வாடிக்கையாளர் முன்னிலையில் பத்து நிமிடம் பரிசோதித்துக் காட்ட வேண்டும். நான் கவுண்டர் மேல் தலையணையை வைத்து, நின்றபடியே தலையைச் சாய்த்துப் பத்து நிமிடம் இருந்தேன். இந்தக் கடைக்குள் ஆறு வருஷத்தில் நான் தலை சாய்த்தது அது ஒன்றுதான். எனக்குக் கழுத்து வலிக்கவில்லை. பெரியவர்தான் பொய் சொல்கிறார்.

ஜூலை 20, ஞாயிறு

கடையில் வேலை பார்க்கும் பெண்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்ததும் கம்பெனி பயந்துபோய் இருபத்து நான்கு ஸ்டூல் வாங்கியது. பச்சை நிறம், நல்ல உயரம். குடோனில் பாலிதீன் உறை கூடப் பிரிக்காமல் அடுக்கி, பூட்டி வைத்திருக்கிறோம். சாவி என் இடுப்பில். வாரத்துக்கு ஒருமுறை திறந்து தூசி தட்டுவேன். இந்தக் கட்டடத்தில் ஓய்வாக இருப்பது அவை மட்டும்தான்.

மற்றபடி அறுபது பெண்களும் நிற்கிறார்கள். யாராவது உட்கார்ந்தால் கேமரா பார்க்கும். கேமரா தவறவிட்டால் நான் பார்ப்பேன். பார்த்தால் ரிப்போர்ட் எழுதுவேன். அதற்குத்தான் எனக்கு மட்டும் சேலையில் தங்கக் கரை.

ஜூலை 22, செவ்வாய்

பருப்புப் பிரிவில் நிற்கும் இசக்கியம்மாளுக்கு வயிறு உப்பசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று உளுந்து மூட்டைகளுக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். பக்கத்தில் யாரும் இல்லை.

“எத்தன மாசம்ட்டி?”

“அஞ்சுக்கா. யார்ட்டயும் சொல்லிராதீங்க.”

“எத்தன நாளைக்கு முந்தானைய இழுத்து மூடுவ?”

“தீவாளி வரைக்கும் நின்னுட்டேன்னா போதும்க்கா. அவுகளுக்கு மில்லுல வேல போயிட்டு. நானும் வீட்டுல இருந்துட்டா அடுப்பு எரியாது.”

வயிறு தெரிந்துவிட்டால் மேனேஜர் கிஷோர் மிகுந்த அன்போடு ‘ரெஸ்ட் எடுங்கம்மா’ என்பார். அந்த ரெஸ்டிலிருந்து யாரும் திரும்பி வந்ததில்லை. இருபத்தெட்டு வயசுப் பையன், கோயம்புத்தூரில் படித்தவன். அன்புக்குக் குறைவில்லை.

சொல்ல மாட்டேன் என்றேன். “போன ஆடி மாதிரி ஆயிராதேக்கா?” என்று கேட்டாள். அரிசிப் பிரிவில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன். நிஜமாகவே கூப்பிட்டார்கள்.

ஜூலை 25, வெள்ளி

வெள்ளிக்கிழமை பினாயில் வேலை. தேதி முடிந்த ரொட்டி, பொட்டலம் கிழிந்த மாவு, நசுங்கிய பிஸ்கட், எல்லாவற்றையும் பின்வாசலில் கொட்டுவோம். சும்மா கொட்டினால் ஏழைகள் பொறுக்கித் தின்பார்கள். இலவசமாகத் தின்று பழகிவிட்டால் யார் வாங்குவார்கள்? அதனால் மேலே பினாயில் ஊற்ற வேண்டும். ஊற்றியது நான்தான் என்று கையெழுத்தும் போட வேண்டும். இன்று ஆறு புட்டி ஊற்றினேன். எலுமிச்சை மணம்.

பிறகு டிராக்டர் அள்ளிக்கொண்டு போய்க் குளத்தில் தட்டும். குளம் என்றால் பாதிக் குளம். மறுபாதிதான் எங்கள் கார் பார்க்கிங். மழை பெய்தால் தண்ணீருக்கு இன்னும் பழைய ஞாபகம், பார்க்கிங்கைத் தேடி வரும். செக்யூரிட்டி விசில் அடித்தும் கேட்காது.

எங்கள் தெரு அடிகுழாயிலும் இப்போதெல்லாம் எலுமிச்சை மணம். காசு வாங்காமல் கம்பெனி கொடுக்கும் ஒரே பொருள்.

ஜூலை 28, திங்கள்

வீட்டுக்காரருக்கு நாலு ஆடுகள். இப்போது மூன்று. சினையாக இருந்த வெள்ளாடு குளத்தங்கரையில் நுரை தள்ளிக் கிடந்ததாம். தோளில் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டார்.

“என்னத்தயோ தின்னுருக்கு” என்றார்.

“யாராவது பொறுப்பில்லாதவுக எதையாவது போட்ருப்பாவ” என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது.

செருப்பு இன்று காலையிலேயே சுருங்கியிருந்தது. வாசலில் வைத்து நீண்ட நேரம் இழுத்துப் பார்த்தேன்.

ஜூலை 31, வியாழன்

சோதனை. தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அம்மா மதியம் வருகிறார் என்று காலையிலேயே கிஷோருக்குத் தகவல் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. ஸ்டூல்களை வெளியே எடுத்துப் பிரிவுக்கு ஒன்றாகப் போட்டோம்.

“ஸ்டூலுக்கு ஒருத்தரா உக்காருங்க. கேஷுவலா உக்காருங்க” என்றார் கிஷோர்.

ஒருத்தியும் உட்காரவில்லை. இது ஏதோ சோதனை, உட்கார்ந்தவளைப் பிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். நான் ஒவ்வொருத்தியாகத் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தேன். அடுத்த பிரிவுக்கு நடந்தால் முதல் பிரிவில் இருப்பவள் எழுந்து நிற்கிறாள். நான் கடந்து போனால் எழுந்திருப்பது என்று அவர்கள் காலுக்கே பழகிவிட்டது. ஆறு வருஷமாக நானே பழக்கியது. அமுக்குவதும் எழுவதுமாக இரண்டு சுற்று வந்தேன், எனக்கு மூச்சு வாங்கியது.

அந்த நேரத்தில் அதிகாரி அம்மா உள்ளே வந்துவிட்டார்.

“தினமும் உக்கார விடுறாங்களாம்மா?”

“ஆமா மேடம்!” என்று கோரஸாக எழுந்து நின்று சொன்னார்கள்.

அவர் ஒரு ஸ்டூலைக் கையால் தொட்டார். பாலிதீன் உறை சரசரத்தது. பிரிக்க மறந்துவிட்டோம். கிஷோர், “சுத்தமா இருக்கணும்னு மேடம்” என்றார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். “உங்களுக்குக் கால் இப்படி வீங்கியிருக்கே, டாக்டரப் பாத்தீங்களா?” என்றார்.

“செருப்பு சின்னது மேடம்” என்றேன்.

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதுவார். தபால் வரும்வரை நாங்கள் நிற்போம்.

ஒருத்தி மட்டும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. இசக்கி. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டூலைத் திருப்பி எடுக்க அவளிடம் கடைசியாகப் போனேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஸ்டூல்கள் குடோனுக்குத் திரும்பின, பாவம், ஒரு நாள் வேலைக்கே களைத்துப்போயிருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. முன்பெல்லாம் பெண்கள் இந்தக் குளக்கரைக்கு வந்து மஞ்சள் தூவிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இப்போது கரைப்பக்கம் போனால் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கம்பெனி பக்தியைக் கைவிடவில்லை. நுழைவாசலில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் லாரித் தண்ணீர் நிரப்பி, ‘பெருக்கு இங்கே’ என்று பலகை வைத்தது. பூ விட்டுக் கும்பிட்டவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா இலவசம். டப்பாவுக்காக மூன்று முறை கும்பிட்டவர்களை எனக்குத் தெரியும். என் நாத்தனாரும் அதில் ஒருத்தி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிஷோர் கூப்பிட்டு, கேமராப் படத்தைக் காட்டினார். இசக்கி அரிசி மூட்டையில் உட்கார்ந்திருக்கிறாள்.

“ஒன்பது நிமிஷம் பிரம்மசக்தி மேடம். இது ரெண்டாவது தடவை. ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. ஒரு வாரம் வாசல்ல நின்னு பை குடுக்கட்டும்.”

வாசல் என்றால் வெயில். கூரை அந்தப் பக்கம் வராது. காலையிலிருந்து கடை மூடும்வரை.

பேனா எழுதவில்லை, நாளை தருகிறேன் என்றேன். பேனா நன்றாக எழுதுகிறது. இதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதத் தொடங்கியாயிற்று, அதையும் எழுதிவிடுகிறேன்.

போன ஆடியில் முதல் ரிப்போர்ட்டை எழுதியது நான். ‘இசக்கியம்மாள், பருப்புப் பிரிவு, பதினோரு நிமிடம் உட்கார்ந்திருந்தார்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். மூன்று நாள் வாசலில் நிற்க வைத்தார்கள். அவளுக்கு அப்போது நாலு மாதம். எனக்குத் தெரியாது என்று எல்லாரிடமும் சொன்னேன். எனக்குத் தெரியும். முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள். நான் விதி விதிதான் என்றேன். நாலாம் நாள் அவள் வரவில்லை. பத்து நாள் கழித்து வந்தபோது வயிறு ஒட்டியிருந்தது. வந்ததும் “வாறேன்க்கா” என்று எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பருப்புப் பிரிவில் போய் நின்றாள். அந்த வருஷம் எனக்குச் சிறந்த சூப்பர்வைசர் கேடயம் கொடுத்தார்கள். பீரோவுக்கு மேல் இருக்கிறது. பிளாஸ்டிக்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

ரிப்போர்ட் எழுதவில்லை. தலைவலி என்றேன். வெள்ளி மாலைக்குள் வேண்டும் என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கிஷோருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. சோதனைதான் முடிந்துவிட்டதே, இனி அடுத்த வருஷம்தான், இருபத்து நான்கு ஸ்டூலும் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு? ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்குப் போட்டுவிடலாம். பருப்புப் பிரிவுக்குப் பக்கத்தில் கோபுரமாக அடுக்கச் சொன்னார். அடுக்கியது யார்? இசக்கி. ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தாள். உட்காராமல்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் கடை திறந்ததும் முதல் ஸ்டூலை நான் வாங்கினேன். முழு பில், முத்திரையோடு. நேரே பருப்புப் பிரிவுக்குக் கொண்டுபோய், பாலிதீன் உறையைக் கிழித்துப் போட்டு, “உக்காருட்டி” என்றேன்.

“எக்கா, கேமரா.”

“பாக்கட்டும். இது கம்பெனி ஸ்டூல் இல்ல, என் ஸ்டூல். உக்காரு.”

உட்கார்ந்தாள். கிஷோர் ஓடிவந்தார்.

“என்ன மேடம் இது? ரிப்போர்ட் எங்க?”

“ரிப்போர்ட் இல்ல சார், பில் இருக்கு.” நீட்டினேன். முத்திரை இருந்த பக்கத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கோபத்தில்தான் என்று நினைக்கிறேன். பயமும் இருந்தது.

“ஸ்டாஃப் உக்காரக் கூடாதுன்னு நீங்களே எத்தனை பேருக்கு எழுதியிருக்கீங்க?”

“அதான் சார். எழுதின கையிக்கு அறிவு இப்பத்தான் வந்துருக்கு. போன வருசம் இந்தப் பிள்ளைக்கு வயித்துல இருந்தத நான்தான் எழுதிக் கொன்னேன். இந்த வருசம் எழுத மாட்டேன்.”

சத்தமாகச் சொல்லிவிட்டேன். கூட்டம் கூடிவிட்டது. நீலச் சேலை கட்டிய ஓர் அம்மா தள்ளுவண்டியை விட்டுவிட்டு முன்னால் வந்தார்.

“ஏன்யா, மாசமா இருக்குற பிள்ள உக்காந்தா ஒம்ம கட என்ன முங்கியா போயிரும்? நீரெல்லாம் ஒரு பொம்பள வயித்துலதான பொறந்தீரு?”

இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து திட்டினார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷத்தன்மை செத்துப்போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த நீலச் சேலை அம்மா திரும்பி, “அந்த ஸ்டூலு எங்கம்மா இருக்கு? பாதி வெலயா?” என்றார்.

அரை மணி நேரத்தில் மீதி இருபத்து மூன்றும் விற்றுப்போயின. அநியாயம் என்று ஒத்துக்கொண்ட அத்தனை பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போனார்கள். நீலச் சேலை அம்மா இரண்டு.

கூட்டம் கலைந்ததும் கிஷோர் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். “பில் வச்சிருக்கீங்கள்ல? இனிமே நீங்க கஸ்டமராவே இருங்க மேடம்” என்றார். இசக்கியை ஒன்றும் செய்யவில்லை. வீடியோ வெளியே போய்விட்டது, தீபாவளிக்கு ஆளும் கிடைக்காது. நிற்க மட்டும் வைத்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்தேன். வாசல்வரை இசக்கி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

வீட்டுக்காரரிடம் வேலை போனதைச் சொன்னேன். அதோடு பினாயிலையும் சொல்லிவிட்டேன். ஊற்றியது நான், ஆட்டைக் கொன்றது நான் என்று.

“தெரியும்” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“ஆட்டு வாயிலயும் ஒன் சேலயிலயும் ஒரே வாசந்தான அடிச்சுது.”

“பொறவு ஏன் கேக்கல?”

“நீயா சொல்லுவன்னு பாத்தேன் பிள்ள. பன்னெண்டு நாளு ஆக்கிட்ட.”

அழுதேன். அவர் மூன்று ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு மேட்டுக்காட்டுப் பக்கம் போனார். இப்போதெல்லாம் குளத்துப் பக்கம் ஓட்டுவதில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்ததும் நின்றுகொண்டிருக்கும் அவள்தான் ஞாபகம் வந்தாள். பில்லை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் அச்சடித்திருந்தது: முப்பது நாள் உத்தரவாதம்.

பதினொரு மணிக்குக் கடைக்குப் போனேன். தங்கக் கரை இல்லாத சேலை, கையில் ஸ்டூல்.

“வாங்க மேடம்” என்றார் கிஷோர். வாடிக்கையாளரை அப்படித்தான் வரவேற்க வேண்டும்.

“இந்த ஸ்டூலு ஆடுது சார்.”

“ஆடலையே.”

“உக்காந்தாத்தான் ஆடுது.”

“சரி, காசை வாங்கிக்கங்க.”

“தள்ளுபடிப் பொருளுக்குக் காசு வாபஸ் கெடையாதுன்னு நீங்கதான எழுதி ஒட்டியிருக்கிய? ஸ்டாஃப் உக்காந்து சோதிச்சுக் காட்டணும்னும் எழுதிருக்கிய. பருப்புப் பிரிவுலதான் வாங்கினேன். அந்தப் பிரிவுப் பிள்ளய உக்காரச் சொல்லுங்க. பத்து நிமிசம்.”

வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் செல்போனை எடுத்தார். கிஷோர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஆள் உயரத்துக்கு இருந்தது.

இசக்கி பத்து நிமிடம் உட்கார்ந்தாள். “இந்தக் காலு சரியாத்தான் இருக்குக்கா” என்றாள்.

“இன்னும் மூணு காலு இருக்குல்லா? ஒவ்வொண்ணா பாரு” என்றேன். நாற்பது நிமிடம்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்றும் ஆடியது.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி முடிந்தது. ஆறாவது நாளாகப் புகாரோடு போனேன். பக்கத்துப் பிரிவுப் பெண்கள் நான் வரும் நேரத்தைக் கணக்காகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நான் நடந்தால் இப்போதும் நிமிர்ந்து பார்க்கிறார்கள், ஆனால் சிரிக்கிறார்கள்.

புகார் கவுண்டரில் நீலச் சேலை அம்மாவைப் பார்த்தேன். என்னுடையது பொய்யாக ஆடுகிறது, அவருடையது இரண்டும் நிஜமாகவே உடைந்துவிட்டன. ஒன்றில் கால் விரிசல், இன்னொன்றில் உட்காரும் பலகையே இரண்டு துண்டு. எட்டே நாள். குளத்தில் இப்போதே ஏழு பச்சை ஸ்டூல் கிடக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆடு அதைத் தின்னாது, அந்தமட்டுக்கு நல்லது.

“நீ எப்படிம்மா புகார் குடுக்க?” என்று அந்த அம்மா கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். “அட பாவி மக்கா” என்று வாயைப் பொத்திச் சிரித்தவர், திங்கட்கிழமை மதியத்துக்குமேல் தானும் வருவதாகச் சொன்னார். அவருக்குத் தலையணை, அழும் பொம்மை, மடக்குக் கட்டில் என்று வீடு நிறைய எங்கள் கடைப் பொருள் இருக்கிறதாம். கட்டிலை முதலில் கொண்டுவரச் சொன்னேன்.

மூன்றாம் காலைச் சோதித்துக்கொண்டிருக்கும்போது இசக்கி சட்டென்று என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உதை. நல்ல உதை. எனக்குத்தான் விழுந்தது, விழ வேண்டியதுதான். “மன்னிச்சிருட்டி” என்றேன். அவள் என் கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். இழுக்காமலே வந்தது. சாயங்காலம் ஆகியும் சுருங்கவில்லை. செருப்பு எப்போதும் அதே அளவில்தான் இருந்திருக்கிறது.

உத்தரவாதம் செப்டம்பர் ஏழோடு முடிகிறது. இசக்கிக்குக் கார்த்திகையில் தேதி. அதற்குள் கடையில் நாற்காலிக்குத் தள்ளுபடி போடுவார்களா என்று விசாரிக்க வேண்டும்.